குண்டு எழுத்து

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்லித் தொலைக்கப் போகிறோம் என்று அக்காவுக்கு ஒரே உதறல். மாடிப்படியிலேயே நின்று ஒத்திகை பார்த்தாள்.

"தம்பி, எனக்குக் கண்ணு…" வேண்டாம். கண் என்று ஆரம்பித்தால் வேலைக்கே உலை வைத்துவிடும்.

"தம்பி, என் கம்ப்யூட்டருக்குக் கண்ணு சரியில்ல…" ஐயோ, இது அதைவிட மோசம்.

அந்தப் பார்சல் கம்பெனியில் அவளுக்கு 'ஐயோ அக்கா' என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பெட்டி ஒட்டும் ஷெட்டில் சேர்ந்து, கைவேலை சுத்தமாக இருந்ததால் கம்ப்யூட்டரில் விலாசம் ஏற்றும் சீட்டுக்கு வந்தவள். கொஞ்ச காலமாக மூன்றும் எட்டும் அவள் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிகின்றன. தப்பு விலாசத்தால் இன்னும் ஒரு பார்சல் திரும்பி வந்தால் மறுபடி ஷெட்டுதான் என்று மானேஜர் சொல்லியாயிற்று.

அன்று காலையில்தான் அந்தக் கூத்து நடந்தது.

கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் மாடியில் உட்கார்ந்தபடியே கட்டி மேய்ப்பவர் ஒருவர் உண்டு. மாடிக்காரர் என்பார்கள். அவருடைய திரையில் கீழே இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு சின்னக் கட்டம். சுகமாக இருந்தால் பச்சை, நோவு வந்தால் சிவப்பு. நாற்காலியை விட்டு எழாமலே புது மென்பொருள் ஏற்றுவார், படுத்துவிட்ட பிரிண்டரை எழுப்புவார், பாஸ்வேர்டை மறந்தவர்களைக் கரையேற்றுவார்.

அவர் காலையில் எதையோ ஒரு தட்டுத் தட்ட, கீழே எல்லாத் திரையிலும் எழுத்து குண்டு குண்டாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்ன இது, நாம அ, ஆ எழுதிப் பழகவா வந்திருக்கோம்?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கெக்கலித்தாள்.

"இங்க யாருக்குய்யா கண்ணு தெரியல?" மானேஜர் எல்லார் முன்னாலும் போனில் மாடிக்காரரைப் பிடித்து உலுக்கினார்.

"தப்பு நடந்துபோச்சு சார்," என்றது போன். "ஒரு மெஷின்ல சோதிச்சுப் பார்க்க வேண்டியதை எல்லாத்துக்கும் அனுப்பிட்டேன். மத்தியானத்துக்குள்ள பழையபடி மாத்திடறேன்."

"இப்படியா வேலை பார்ப்பாங்க!" என்று அக்காவும் கூட்டத்தோடு சேர்ந்து திட்டினாள். திட்டிக்கொண்டே, மூக்கைத் திரையில் இடிக்காமல், விலாசங்களை மடமடவென்று ஏற்றித் தள்ளினாள். அப்படி ஏற்றி எத்தனை மாதம் ஆயிற்று!

மத்தியானம் எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. அதனால்தான் இந்தப் படியேற்றம்.

கதவைத் தள்ளினாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போயிற்று.

"தம்பி, ஐயோ, காலையில திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்க. என் ஒருத்திக்கு மட்டும் அந்தக் குண்டு எழுத்தைத் திருப்பிக் குடுத்திடுங்க. ஆனா யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னை ஷெட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"இதுக்கா அக்கா இப்படி மூச்சு வாங்குது? முதல்ல உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. படியில் மானேஜரின் செருமல் கேட்டது. சுவருக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொண்டாள்.

மானேஜர் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"காலையில கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன்…"

"பரவாயில்ல சார்."

"அது வந்து… என் மெஷின்ல மட்டும் அந்தப் பெரிய எழுத்தை விட்டு வெச்சிருக்கலாமேய்யா. நமக்கும் வயசாகுதில்ல? மேலிடத்துக்குத் தெரிஞ்சா, ஆளு ஓய்ஞ்சிட்டான்னு முடிவு கட்டிடுவாங்க. உனக்குள்ளயே இருக்கட்டும்."

அலமாரிக்குப் பின்னால் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது கிடக்கட்டும். இத்தனை வருஷம் பழகின ஆளு நீ. அப்படி ஒரு தப்பை எப்படிய்யா பண்ணினே?"

"தப்பு இல்ல சார். வேணும்னுதான் பண்ணேன்," என்றார் மாடிக்காரர். "போன வாரம் பிரிண்டரைச் சரி பண்ண இங்கேருந்தே ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் போனேனில்ல? அதுல ஒரு திரையில, ஒவ்வொரு வரியையும் பெருசாக்கிப் பார்க்கிறதும், உடனே சின்னதாக்கி மறைக்கிறதுமா ஒருத்தங்க அல்லாடிட்டிருந்தாங்க. பார்க்கவே மனசுக்குச் சங்கடமாயிடுச்சு. அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் மாத்தினா யாருக்காகன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதான் மொத்தமா எல்லாருக்கும் அனுப்பிட்டு, திட்டை நான் வாங்கிக்கிட்டேன்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்காகவா!

"எனக்காகவாய்யா?" என்றார் மானேஜர்.

மாடிக்காரர் பொதுவாகச் சிரித்துவைத்தார்.

மானேஜர் மூக்கை உறிஞ்சினார். "நாளைக்குக் காலையில எல்லா மெஷினுக்கும் மறுபடி அனுப்பிடு. எவன் கேட்டாலும் மானேஜர் உத்தரவுன்னு சொல்லு. என்ன ஆனாலும் நான் பார்த்துக்கிறேன்."

அவர் வாய் மூடுவதற்குள் கதவைத் தட்டும் சத்தம். வெளியே பக்கத்து சீட்டுப் பெண்ணின் குரல், கிசுகிசுப்பாக.

"அண்ணா, தனியாத்தானே இருக்கீங்க? கீழ யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. காலையில வந்துச்சே, அந்த எழுத்து…"

மானேஜருக்கு முகம் வெளிறிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் பாய்ந்தார்.

அங்கே அக்கா. அவளைப் பார்த்துக் கத்த அவர் வாய் திறப்பதற்குள், அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டி, வயிற்றை எக்கி, அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.