பத்து கேட்ட கைப்பிடி

சின்ன ஜெட் விமானம் ஒன்றில், விமானி பிடித்து ஓட்டும் கைப்பிடிக்கு எப்போதும் எரிச்சல்தான். மூக்கைத் தூக்குவது வாலில் இருக்கும் தகடு. அதனோடு நேரடியாகப் பேச வழியில்லை. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. கைப்பிடி பத்து டிகிரி கேட்டால், அது வேகத்தைப் பார்க்கும், உயரத்தைப் பார்க்கும், வாலுக்கு மூன்று என்று சொல்லி அனுப்பும்.

"நான் கேட்டது பத்து!"

"இந்த வேகத்துக்கு மூணு போதும்ண்ணே."

நாளாக ஆகக் கைப்பிடி விவரமாகிவிட்டது. மூன்று வேண்டுமென்றால் பத்து கேட்டது. எப்படியும் குறைக்கத்தானே போகிறது!

ஒருநாள் நடுவானில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அது படுத்தால் கைப்பிடி சொல்வது அப்படியே வாலுக்குப் போகும். விமானத்தில் ஏற்பாடு அப்படி.

"அப்பாடா, ஒழிஞ்சது சனியன்," என்ற கைப்பிடி, வழக்கம்போலப் பத்து கேட்டது.

வால் பத்தே கொடுத்தது. மூக்கு விருட்டென்று மேலே எகிற, எழுபது பயணிகளும் அலறினார்கள்.

"அறிவிருக்கா? பத்து கேட்டா பத்தே குடுப்பியா?"

"கேட்டதைத்தானேண்ணே குடுத்தேன்?" என்றது வால்.

பதறிப்போன கைப்பிடி அவசரமாக இறக்கியதில் மூக்கு கீழே குத்திக்கொண்டு போனது. நல்லவேளை, கம்ப்யூட்டர் கண்விழித்தது.

"எவ்வளவு தூக்கணும்ண்ணே?"

கைப்பிடி வெகுகாலத்துக்குப் பிறகு உள்ளதைச் சொன்னது.

"மூணு. சத்தியமா மூணுதான்."

'இவர் எப்பவும் கூட்டித்தானே கேட்பார்' என்று நினைத்துக்கொண்ட கம்ப்யூட்டர், வாலுக்கு ஒன்று என்று சொல்லி அனுப்பியது.