பெங்களூரு மூளை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சங்கத்தின் போன் மூன்று நாளாக ஊமை. ‘மாட்டு டாக்டருக்கு ஒன்றை அழுத்தவும், தீவனத்துக்கு இரண்டை அழுத்தவும்’ என்று சொல்ல வேண்டிய கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை. கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டை வைத்துக்கொண்டு, ஊரே செயலாளர் சின்னையனுக்குச் சாபம் விட்டது.

“நான் ஒருக்கா பாக்கட்டுங்களா?” என்றான் சங்கத்து டைப்பிஸ்ட் நவீன்குமார்.

“ஏப்பா, நீ லெட்டர் அடிக்கற ஆளு. அதுலயே நாலு தப்பு! போன்ல ஓடறது ஓசி சாஃப்ட்வேருன்னா ஆளாளுக்குக் கை வெச்சரலாமா? பெங்களூரு நிபுணரு பாத்துட்டு இருக்கறாரு” என்றார் சின்னையன்.

நான்காம் நாள் நிபுணர் கூப்பிட்டார். தமிழ் தெரியாத அவர் ஆங்கிலத்தில் அடக்கமாகச் சொன்னார்: பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் தானே உட்கார்ந்து புதிதாக எழுதினாராம்.

சின்னையனுக்குப் புல்லரித்துவிட்டது.

“மூளைன்னா இதுதான்! இங்க வந்து நின்னு கேட்டுப் படிச்சுக்க” என்று நவீன்குமாரை அழைத்து, தன் செல்போனில் சங்கத்து எண்ணைப் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினார்.

ஒரே மணியில் கணீரென்று ஒரு குரல் எடுத்தது.

“வணக்கமுங்க. என்ற பேரு நவீன்குமாருங்க. இந்த சாஃப்ட்வேர நாந்தான் எழுதி, எல்லாருக்கும் இனாமா நெட்டுல போட்டிருக்கறனுங்க. எடுத்துப் போடறவங்க, மறக்காம என்ற குரல அழிச்சுப்போட்டு உங்க குரலப் பதிஞ்சுக்குங்க.”

சின்னையன் மெதுவாகத் திரும்பினார். நவீன்குமார் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டான்.

“இதுல எத்தன தப்புங்க சார்?”