ஓரத்துப் பென்சில் எழுத்து

பழைய புத்தகக் கடைக்காரர் என் கணவரின் புத்தகத்தை மடியில் வைத்து ரப்பரால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஐம்பதுகளில் அச்சான, தொழிலாளர் உரிமை பேசும் சிவப்பு அட்டைப் புத்தகம். கணவர் போனபின் எங்கள் மகன் அவர் புத்தகங்களையெல்லாம் கட்டாகக் கட்டி இங்கே போட்டுவிட்டான். "யாரோ மனுஷன் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல பென்சில்ல எழுதி சண்டை போட்டு வெச்சிருக்காரும்மா. இதை அழிச்சாத்தான் விலை போகும்" என்கிறார் கடைக்காரர். "போதும், அப்படியே குடுங்க" என்று வாங்கிக்கொள்கிறேன். ரப்பர் துகள்கள் என் புடவையில் உதிர்கின்றன. என் கணவர் பென்சிலை அழுத்தி எழுதுகிறவர். தாளைச் சாய்த்தால் ஜன்னல் வெளிச்சத்தில் எழுத்தின் தடம் இன்னும் தெரிகிறது. வீட்டு வேலையும் உழைப்புதான் என்கிற பத்தியின் ஓரத்தில், "இதை அவளிடம் கேட்க வேண்டும்." அவர் கேட்கவேயில்லை. சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது.