புலி இல்லாத கண்டம்

இரண்டாம் முறையும் ஆப்பிரிக்காவுக்குப் போய், இரண்டாம் முறையும் புலி இல்லாமல் வந்து நின்ற விமலநாதனை, ஜெர்மனியின் டோர்ட்மண்ட் தமிழ்ச் சங்கத் தலைவர் குருமூர்த்தி ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இந்த முறையும் இல்லை."

"ஆப்பிரிக்காவில புலி இல்லை அண்ணை. போன வருஷமும் சொன்னனான்."

"அவ்வளவு பெரிய கண்டத்தில ஒண்டுகூட இல்லையோ? நீர் வடிவாய்த் தேடியிருக்க மாட்டீர்."

கமிட்டிக்காரர் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். விமலநாதனுடைய சோம்பேறித்தனத்தில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிற விமலநாதனுக்கு இருக்கிற ஒரே பைத்தியம் கமெரா. போன வருஷம் லீவைச் சேர்த்துவைத்து, கென்யாவில் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போய், சிங்கங்களை அள்ளிக்கொண்டு வந்திருந்தான். சங்கத்தின் ஆண்டு விழாவில் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. விழாவன்று காலையில் குருமூர்த்தி வந்து எல்லாப் படங்களையும் கழற்றச் சொல்லிவிட்டார்.

"சிங்கம் எந்த நாட்டுக் கொடியில வாள் பிடிச்சுக்கொண்டு நிக்குது எண்டு உமக்குத் தெரியாதோ?"

"இது வாள் பிடிக்கேல்லை அண்ணை. படுத்திருக்குது."

"இண்டைக்குப் படுத்திருக்கும். நாளைக்கு எழும்பும்."

அதனால்தான் இந்த வருஷம் அதே பூங்காவுக்குத் திரும்பிப் போனான். சிங்கம் தவிர்த்து மற்றதை எடுத்து வந்தால் கண்காட்சி நடக்கும் என்று நம்பினான். மனைவி ரஞ்சினி, "உங்கடை கமிட்டியையே கொண்டுபோய் அங்கை விட்டிட்டு வாங்கோவன்" என்றாள்.

ஆனால் அங்கே போன இடத்தில் ஒரு பெண்சிங்கம் அகப்பட்டுவிட்டது. வெயிலில் பகல் முழுக்க ஜீப்புக்குள் கிடந்தவனுக்கு முன்னால், குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிச் சதுப்பைக் கடந்தது. ஷெல்லடிக்குள் அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கடந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. படத்தை எடுத்துவிட்டுக் கமெராவுக்குப் பின்னால் இருந்து அழுதான். அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அதைத் தன் சனம் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

இப்போது அந்தப் படத்தைத்தான் மேசையில் கடைசியாக வைத்தான்.

குருமூர்த்தி அதைக் கையில் எடுத்தார். கண்கூடக் கலங்கியது போலிருந்தது.

"எங்கடை சனம் இடம்பெயர்ந்த மாதிரியே இருக்குது அண்ணை, என்ன?"

"ஓம் தம்பி. நல்ல தாய். ஆனா இனம் பிழை."

படம் மேசையில் குப்புறக் கவிழ்ந்தது. பிறகு மற்ற மிருகங்களின் விசாரணை தொடங்கியது.

"யானை?"

"அது கொழும்புக் கட்சிக்காரற்றை சின்னம். வையாதையும்."

"எருமை?"

"எமன்ரை வாகனம். நல்ல நாளில வேண்டாம்."

வரிக்குதிரைப் படம் கை மாறிக் கை மாறிப் போனது. பொருளாளர் தேவமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா.

"இதிலை பிழை பிடிக்க ஏலாது. உடம்பில வரி எண்டாலும் இருக்குது" என்றா.

ஒட்டகச்சிவிங்கியில் யாருக்கும் அரசியல் தட்டுப்படவில்லை. அதுவும் தப்பியது.

ஆண்டு விழாவில் மண்டபச் சுவர் முழுக்க வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் நின்றன. வந்த பிள்ளைகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரோல்ஸ் சாப்பிடப் போய்விட்டார்கள். விமலநாதனின் மகள் மிதுஷா மட்டும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, சிங்கம் எங்கை?"

"கார் டிக்கிக்குள்ளை."

"அது என்ன பிழை செய்தது?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கமெராவைப் பெட்டிக்குள் வைத்து அலுமாரியின் மேல் தூக்கிப் போட்டான். இனி ஆப்பிரிக்காவும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம் என்றிருந்தது.

அடுத்த மாதம் அம்மன் கோயில் திருவிழா. ரஞ்சினியின் கரைச்சல் தாங்க முடியாமல்தான் கமெராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனான். ஜெர்மன்காரரும் எட்டிப் பார்க்கிற அளவுக்குத் தெருவெல்லாம் சனம். மேளச் சத்தத்துக்குள் அம்மன் வாகனத்தில் ஏறி வெளியே வந்தா. வாகனத்தின் முன் கொம்பைத் தோளில் வைத்துக் காவிக்கொண்டு வந்தவர் குருமூர்த்தி. பட்டு வேட்டி, வெறும் மேல், வியர்வை வழிய முகமெல்லாம் பக்தி.

விமலநாதனைக் கண்டதும் வாகனத்தையே நிற்பாட்டிவிட்டார்.

"தம்பி விமல், இஞ்சை வாரும். போன மாதக் கோவத்தை விட்டிட்டு இதை ஒரு நல்ல படமாய் எடும். பெரிசாக்கி மண்டபத்தில மாட்டப் போறம். நடுச்சுவரிலை."

விமலநாதன் கமெராவைக் கண்ணில் வைத்தான். பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றான்.

"எடுமன் தம்பி, தோள் நோகுது."

"அண்ணை, கொஞ்சம் இஞ்சாலை தள்ளி நில்லுங்கோ. உங்கடை முகத்தைச் சிங்கம் மறைக்குது."

"என்ரை முகம் கிடக்கட்டும்" என்றார் குருமூர்த்தி. "அம்மன்ரை சிங்கம் வடிவாய் விழ வேணும்."