பேர் சொல்லும் ஓட்டல்

மலைமேல் வெள்ளைக்காரன் கட்டிய அந்தப் பழைய ஓட்டலில், தங்க வருகிறவர்களைப் பேய் பேர் சொல்லிக் கூப்பிடுமாம். அதைக் கேட்டதும் பெட்டி கட்டியவள் எங்கள் தெருவில் குஞ்சிதம் டீச்சர் ஒருத்திதான். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பள்ளிக்கூடத்தில் தினமும் ஊர்ப் பிள்ளைகளின் பேரையெல்லாம் கூப்பிட்டே தொண்டை வறண்டவள் அவள். வீட்டுக்காரர் போனபிறகு அவள் பேரைக் கூப்பிடத்தான் ஆளில்லை. காய்கறிக்காரருக்கு டீச்சர், பக்கத்து வீட்டுக்கு ஆன்ட்டி, மகனுக்கோ போனில் “அம்மா, அப்புறம் பேசறேன்.”

அறையைத் திறந்துவிட்ட ஊழியர் எச்சரித்தார்: “மேடம், மனுசங்கன்னா மூணு தடவ கூப்பிடுவாங்க. அது ஒரு தடவதான். பதில் சொல்லிட்டீங்கன்னா கூடவே வந்துரும்.”

“வீட்டுக்கேவா?”

“வீட்டுக்கேதான். அப்புறம் போகவே போகாது.”

டீச்சர் தலை வாரி, பட்டுப்புடவை கட்டி, நாற்காலியைக் கதவோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காப்பி ஆறியது. ஜன்னலில் மூடுபனி ஏறிச் சாயங்காலம் கரைந்தது. வராண்டாவில் பலகை கிறீச்சிட்டபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள்.

கடைசியில், கதவுக்கு வெளியே ஒரு குரல் மெதுவாக, “குஞ்சிதம்” என்றது.

டீச்சர் சட்டென்று எழுந்து நின்று, கையை உயர்த்தி, “உள்ளேன் ஐயா!” என்றாள்.