கொடுத்து வைத்த கணவர்

“தலை நிறைய முடி வை, தம்பி. மூக்கு மேல இருக்கிற மருவை எடுத்துடு” என்று கணவரின் போட்டோவை நீட்டினாள் அந்த அக்கா.

ஸ்டுடியோக்காரன் பில்டர் மேல் பில்டராகப் போட்டான். கணவருக்குப் பத்து வயது குறைந்து முகம் பளபளத்தது. தன் சொட்டையைக் குத்திக்காட்டாமல் சோறு போடாத வீட்டுக்காரியை நினைத்து அவனுக்குப் பெருமூச்சு வந்தது.

“அண்ணன் குடுத்து வெச்சவர்க்கா. என்ன, கல்யாண நாளா?”

“காணவில்லைன்னு நோட்டீஸ் அடிக்கணும். அடிச்சே ஆகணும்னு அவர் தம்பி விடமாட்டேங்கறார்.”

அவன் கை மவுஸிலேயே நின்றது. “இந்தப் படத்தை வெச்சு யாருக்கா கண்டுபிடிப்பாங்க?”

“போன தடவை காணாமப் போனப்ப இருக்கிற மூஞ்சியையே போட்டோம். மறுநாளே கொண்டாந்து விட்டுட்டாங்க தம்பி. கண்ணையும் கொஞ்சம் பெரிசாக்கு.”