கேம்புக்குக் கேம்பு வந்தவர்

"அந்த ஆள் மறுபடியும் வந்துட்டான் பாருங்க!"

சில்வியா மைக்கை டொக்கென்று மேஜையில் வைத்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கணவன் லெஸ்லி நிமிர்ந்தான். "எந்த ஆள்?"

"அதோ, தூணுக்குப் பின்னால. நீலத் துண்டு."

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சமுதாயக் கூடத்தில் இலவச மருத்துவ அட்டை கேம்ப். ரேஷன் கார்டு, ஆதார், கைரேகை, அவ்வளவுதான். நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுத்தால் கவர்மெண்ட் பார்த்துக்கொள்ளும். ஆனால் சொன்னால் யார் வருகிறார்கள்? ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தினாலும், 'எல்லாம் ஓட்டுக்குத்தான்' என்று போய்விடுகிற ஜனம். அவர்களை இழுத்து வருவதுதான் டீச்சர் சில்வியாவின் ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி.

"ஸ்ரீரங்கப்பட்டணம் கேம்ப்புலயும் இவன்தான். நஞ்சன்கூட்டுலயும் இவன்தான். கார்டு கேக்கறதில்ல. பொம்பளைங்க வரிசையையே பாத்துட்டு நிக்கறான். வயசாச்சே, வெக்கம் வேணாம்?"

"கட்டட சைட்டு சைட்டாப் போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றவர் அவர்தானே? இன்னைக்கும் ஒரு டெம்போ நிறைய வந்திருக்கு."

"அதான் சந்தேகமே! சும்னே கூட்டிட்டு வருவானா? தலைக்கு இவ்வளவுன்னு வாங்குவான். புரோக்கர்!"

சில்வியாவுக்குக் கோபம் வந்தால் 'சும்மா'கூட 'சும்னே' ஆகி, கூடவே கன்னடமும் வந்துவிடும். மைக்கை எடுத்தாள். முதலில் கன்னடத்தில் ஒரு பிடி பிடித்துவிட்டு, தமிழுக்கு வந்தாள்.

"கார்டுக்கு வந்தவங்க மட்டும் உள்ள இருங்க. பொம்பளைங்களை வேடிக்கை பாக்க வந்தவங்க வெளியே போகலாம்!"

கூடமே திரும்பித் தூணைப் பார்த்தது. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெளியே போவார் என்று பார்த்தால், நேரே மேஜைக்கு வந்தார்.

"என்னையத்தானுங்களே சொன்னீங்க?"

"வேற யாரை? பேரென்ன?"

"அய்யாவுங்க. ஹனூர்ப் பக்கம். இங்க கட்டட வேலை."

"உங்களுக்குக் கார்டு?"

"மொதக் கேம்ப்புலயே எடுத்துட்டேனுங்க."

"அப்புறம் எதுக்குக் கேம்புக்குக் கேம்பு வர்றீங்க? ஆளுக்கு எவ்வளவு வாங்கறீங்க?"

"ஐயோ, சாமி சத்தியமா ஒரு டீத்தண்ணிகூட வாங்கினதில்லீங்கம்மா." அய்யாவு தரையைப் பார்த்தார். "எம் பொண்ணு சொர்ணலதா. கூட வேலை செஞ்ச கொத்தன் பையனோட போயிட்டாளுங்க. செத்தாலும் என் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிப்போட்டேன். இந்த வாயை இப்ப என்ன பண்றதுங்க?"

சில்வியாவின் கை மைக்கிலிருந்து தானாக விலகியது.

"மைசூர்லதான் ஏதோ சைட்டுல இருக்கான்னாங்க. மாசமா வேற இருக்காளாம். இவளைப் பெத்தப்பத்தான், ஆஸ்பத்திரிக்குக் கட்ட வழியில்லாம இவ ஆத்தாளை வாரிக் குடுத்தேன். அதே கதி இவளுக்கும் வந்துடக் கூடாதில்லீங்க? நான் கூப்பிட்டா வரமாட்டா. ஊரே கிளம்பி வந்தா அவளும் வந்துதானே ஆவணும்? அதான் எல்லாத்தையும் கூட்டியாறேன்."

"சரி, வந்துட்டா?"

"நான் ஒதுங்கிக்குவேனுங்க. என் மூஞ்சியைப் பாத்தா வந்த வழியே திரும்பிருவா. கார்டு அவ கைக்குப் போனாப் போதும். தூரத்துல நின்னு ஒருக்கா பாத்துக்கறேன். பாத்து ரொம்ப நாளாச்சுங்க."

லெஸ்லி மனைவியை ஒரு பார்வை பார்த்தான். அவள் அதைக் கவனிக்காத மாதிரி ஒரு நாற்காலியைத் தூக்கிப்போய்த் தூணருகே போட்டாள்.

"உக்காருங்க ஐயா. டீ அனுப்பறேன்."

அதற்கப்புறம் பொம்பளைகள் வரிசையையே வெறித்துக்கொண்டிருந்தது சில்வியாதான். லெஸ்லி கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

மதியத்துக்கு மேல், இடுப்பில் கை ஊன்றியபடி ஒரு பெண் மெதுவாக நடந்து வந்தாள். நிறைமாதம்.

"நீ வரிசையில நிக்க வேண்டாம்மா, முன்னாடி வா. பேரு?"

"சொர்ணலதாங்க."

சில்வியா சட்டென்று தூண் பக்கம் திரும்பினாள். நாற்காலி காலி. பக்கத்தில் டீ, ஆடை படிந்து அப்படியே இருந்தது.

பாவி மனுஷன், சொன்னபடியே செய்துவிட்டார்!

அப்பா பேச்சை எடுத்தால் இவள் ஓடிவிடுவாளோ? முதலில் கார்டு. மற்றதெல்லாம் பிறகு.

"ரேஷன் கார்டு, ஆதார் எடும்மா. விரலை இங்க வை."

அவள் கையை நீட்டவில்லை. கண் கூட்டத்துக்குள் எதையோ துழாவியது.

"எங்கிட்ட கார்டு இருக்குங்க, இந்தக் கேம்ப்புக்கெல்லாம் முன்னாடியே எடுத்துட்டேன். நீலத் துண்டு போட்ட பெரியவர் ஒருத்தர் எல்லாக் கேம்ப்புலயும் வந்து நிக்கறார், பொம்பளைங்க மூஞ்சியையே தேடறார்னு சைட்டுல பேசிக்கிட்டாங்க." அவள் மறுபடி கூட்டத்தைப் பார்த்தாள். "நான் எங்கப்பனைப் பாக்கத்தான் வந்தேனுங்க."

சில்வியா மைக்கை வெடுக்கென்று எடுத்தாள். கன்னடம் சுத்தமாக மறந்துபோயிற்று.

"அய்யாவு ஐயா! எங்க ஒளிஞ்சிருந்தாலும் உள்ள வாங்க! உங்க பொண்ணுக்குக் கார்டு வேண்டாமாம், நீங்கதான் வேணுமாம்!"